மரை கழன்றது யாருக்கு?

வைகுண்டம் இறந்த செய்தியை எனக்குச் சொன்னவர், ஆத்தூரிலிருந்து வெற்றிலைக் கூடை ஏற்றிக்கொண்டு தூத்துக்குடி மார்க்கெட்டுக்கு வரும் லாரிக்காரர். கூடைகளை இறக்கிப் போட்டுவிட்டு, தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்றார். "அண்ணாச்சி, நம்ம சார்வாள் நேத்துக் காலையில போயிட்டாவ. இருமல் நிக்கவே இல்ல. உங்களுக்குச் சொல்லச் சொன்னாவ வீட்டம்மா" என்றார். அடுத்த பஸ்ஸில் ஆத்தூர் போனேன். நான் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்து, வாசலைக் கழுவிவிட்டிருந்தார்கள்.

துக்கத்தை மட்டும் எழுதுவதாக இருந்தால் நான் பேனாவைத் தொட்டிருக்க மாட்டேன். என்னை எழுத வைத்தது சென்ற ஞாயிற்றுக்கிழமை நம் ஊர் வாசகசாலையில் நடந்த இரங்கல் கூட்டம். அதற்குத் தலைமை வகித்தவர், வைகுண்டம் வேலை பார்த்த கம்பெனியில் அந்நாளில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்தவர். வெள்ளைக்காரன் காலத்தில் கோட்டும் தலைப்பாகையுமாக இருந்தார். இப்போது கதர்த் துண்டு. அவர் பேசினார்: "வைகுண்டம் ரொம்ப நல்ல மனுஷர். கொஞ்சம் ஒரு மாதிரி, அவ்வளவுதான். ஒரே ஒரு வார்த்தைக்காக உத்தியோகத்தை உதறிவிட்டுப் போனவர் இந்த ஜில்லாவிலேயே அவர் ஒருத்தராகத்தான் இருப்பார்." கூட்டம் சிரித்தது. எனக்குப் பின்வரிசையில் ஒருவர் பக்கத்திலிருந்தவரிடம், "மரை கழண்ட கேசுல்லா" என்றார். செத்த மனிதனுக்கு அஞ்சலி செலுத்த வந்த இடத்தில் சொன்ன சொல் அது!

நான் எழுந்து, இரண்டு நிமிஷம் பேச அனுமதி கேட்டேன். நேரமாகிவிட்டது என்று தலைவர் நன்றியுரைக்கு ஆளைக் கூப்பிட்டுவிட்டார். ஆகவே அங்கே பேச விடாததை இங்கே எழுதுகிறேன். அவரை அறிந்தவர்கள், அன்று சிரித்தவர்கள் உட்பட, தயவுசெய்து கடைசிவரை படிக்க வேண்டும்.

நான் உப்பளக் கம்பெனி ஒன்றில் குமாஸ்தா. தூத்துக்குடி கீழூர்ப் பகுதியில் நாலைந்து வீடுகள் சேர்ந்த ஒரு வளவில் நானும் வைகுண்டமும் அடுத்தடுத்துக் குடியிருந்தோம். துறைமுகத்தில் சரக்கு ஏற்றி இறக்கும் கம்பெனியில் அவர் மொழிபெயர்ப்பாளர். துரைமாரின் உத்தரவுகளைத் தமிழாக்கிப் பலகையில் ஒட்டுவதும், தொழிலாளர் கொடுக்கும் மனுக்களையும் வாக்குமூலங்களையும் ஆங்கிலத்தில் எழுதி மேலே அனுப்புவதும் அவர் வேலை. ஒல்லியான ஆள், சட்டைக் கழுத்துப் பித்தானை எப்போதும் போட்டிருப்பார். கோபம் வந்தால் குரல் உயராது. நெற்றி மட்டும் சிவந்துவிடும்.

அவர் அந்த வேலைக்கு வருவதற்குச் சற்று முன்பு நடந்த ஒன்றை அவரே சொல்லிச் சிரிப்பார். மூட்டை தூக்கும் ஒருவன் தன்னை வேலையிலிருந்து நிறுத்தியதை எதிர்த்து, "ஐயா, என் வயிற்றில் அடிக்காதீர்கள்" என்று மனு எழுதியிருந்தான். முன்பிருந்த மொழிபெயர்ப்பாளர் அதை அப்படியே ஆங்கிலத்தில் எழுதிவைக்க, துரை பதறிப்போய், 'வயிற்றில் அடித்தது யார்? உடனே டாக்டரிடம் காட்டு' என்று உத்தரவு போட்டாராம். டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு, காயம் ஒன்றுமில்லை, புகார் பொய் என்று எழுதிக்கொடுத்துவிட்டார். வேலை போனது போனதுதான். சிரித்துக்கொண்டே ஆரம்பிக்கும் வைகுண்டம் இந்த இடத்துக்கு வரும்போது சிரிக்கமாட்டார். "ஒரு சொல்லுக்கு ரெண்டு அர்த்தம் இருந்தா, சொன்ன ஆளைத்தான் போய்க் கேக்கணும். நாற்காலியில உக்காந்துக்கிட்டு எந்த அர்த்தம் வசதியோ அதை எடுத்துக்கிடக் கூடாது" என்பார். அதனால் எந்த வாக்குமூலத்தில் சந்தேகம் வந்தாலும் குடையை எடுத்துக்கொண்டு, கடலுக்குள் நீண்டிருக்கும் சரக்குப் பாலத்துக்கே நடந்து போய்விடுவார். அலுவலகத்தில் இதை ஒரு கிறுக்கு என்று சொன்னவர்கள் அப்போதே உண்டு.

யுத்தம் உச்சத்தில் இருந்த வருஷம். கப்பல்கள் தூரத்தில் நங்கூரமிட்டு நிற்க, தோணிகளில் சரக்கு பாலத்துக்கு வரும். எல்லாம் அவசரம், எல்லாம் ராணுவத் தேவை. பாலத்தில் கையால் சுற்றி இயக்கும் கிரேன் ஒன்று இருந்தது. கரிய வர்ணம் அடித்தது. ஆகவே அதற்குக் கருப்பன் என்று பெயர். "கருப்பன் இன்னைக்கு முரண்டு பிடிக்கான்", "அவனுக்கு எண்ணெய் போடுலே" என்றுதான் பாலத்தில் பேசுவார்கள். அதை இயக்கியவர் சந்தியாகு. அவருடைய தகப்பனார் முத்துக்குளித்தவர். கடலடிப் பார்களில் முத்துச்சிப்பி இல்லாமல் குளிப்பு நின்றுபோன பிறகு மகன் துறைமுகத்துக்கு வந்தார். சந்தியாகுவுக்கு உதவியாள் அந்தோணி.

ஒரு நாள் காலை, தோணியிலிருந்து இரும்புச் சாமான் பெட்டியைத் தூக்கும்போது பிரேக் பிடிக்காமல் பெட்டி சரிந்தது. பெட்டியின் கனத்தில் கைப்பிடி வேகமாகப் பின்னால் சுழன்று சந்தியாகுவின் மார்பில் அடித்தது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. அவருடைய மனைவி சவேரியம்மாள் சந்தையில் மீன் விற்றுக்கொண்டிருந்தாள். செய்தி கேட்டுக் கூடையைப் போட்டது போட்டபடி ஓடினாள்.

வைகுண்டம் அன்று ஊரில் இல்லை. மாமனார் வீட்டில் ஒரு கல்யாணம். கம்பெனியில் வேறொரு குமாஸ்தா அந்தோணியிடம் வாக்குமூலம் வாங்கினார். அந்தோணி சொன்னது இதுதான்: "ரெண்டு நாளாவே அவனுக்கு மரை கழண்டு கெடந்துச்சு. சூப்ரவைசர் ஐயாகிட்டயும் சொன்னோம்."

மரை என்பது திருகாணியின் உடம்பில் சுற்றி ஓடும் வரி. அந்த வரி தேய்ந்தால் நட்டுப் பிடிக்காது, கழன்றுவிடும். இது இரும்புக்கு. மனிதனைப் பார்த்து மரை கழன்றவன் என்றால் புத்தி பேதலித்தவன் என்று அர்த்தம். இந்த இரண்டு அர்த்தமும் தெரியாதவர் நம் ஊரில் எவரும் இல்லை. கம்பெனி இரண்டாவதை எடுத்துக்கொண்டது. சந்தியாகுவுக்கு இரண்டு நாளாகச் சித்தம் கலங்கியிருந்தது, உடன் வேலை செய்தவனே அப்படிச் சொல்கிறான், ஆகவே அவன் தானே தேடிக்கொண்ட சாவு என்று ஆங்கிலத்தில் எழுதியாகிவிட்டது. ஆங்கிலம் தெரியாத அந்தோணி அதில் கைநாட்டு வைத்தான். குழந்தைகளுக்குத் தகப்பனாகவும், ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவனாகவும் இருந்த ஒரு மனிதனை, மண்ணுக்குள் வைத்த ஈரம் காய்வதற்குள் பைத்தியக்காரனாக்கினார்கள்.

வைகுண்டம் திரும்பி வந்ததும், மொழிபெயர்ப்பு சரியென்று கையெழுத்துப் போட அந்தக் காகிதம் அவர் மேஜைக்கு வந்தது. வாசித்தார். குடையை எடுத்துக்கொண்டு பாலத்துக்குப் போனார். "யாருக்குலே மரை கழண்டுச்சு?" என்று அந்தோணியைக் கேட்டார். அவன் விழித்தான். "கருப்பனுக்குத்தான் சார்வாள். வேற யாருக்கு?" என்றான். காகிதத்தில் இருப்பதை அவர் தமிழில் சொன்னதும் அவன் தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டானாம். "எங்க அண்ணனையா அப்படி எழுதிப்புட்டானுவ?"

அதன்பின் தலைமைக் குமாஸ்தாவின் அறையில் நடந்ததை அன்று மாலையே வைகுண்டம் என்னிடம் சொன்னார். அந்த அறைக்கு வெளியே இருந்த பியூனும் பிறகு அதையே சொன்னான்.

"மரை கழண்டதுன்னா பைத்தியம்னு ஊரெல்லாம் சொல்லுதான். அதைத்தானே எழுதியிருக்கு?" என்றார் தலைமைக் குமாஸ்தா.

"ஊர் ஆளைச் சொல்லும்போது அந்த அர்த்தம். அந்தோணி இரும்பைச் சொன்னான். நான் கேட்டுட்டுத்தான் வாரேன்."

"உம்மை யாரு கேக்கச் சொன்னா? உம்ம வேலை எழுதுதது. கையெழுத்தைப் போடும்."

"தப்புன்னு தெரிஞ்சதுல போட மாட்டேன்."

"ஓய், உமக்கும் மரை கழண்டு போச்சா?"

"இப்ப நீங்க சொன்னதை இங்கிலீஷ்ல எழுதச் சொன்னா எழுதித் தாரேன். இதுல எந்த அர்த்தம்னு எனக்குச் சந்தேகமே இல்ல" என்றார் வைகுண்டம்.

மறுநாள் அவருக்கு வேலை இல்லை. கூட்டத் தலைவர் அவர்களே, அவர் உத்தியோகத்தை உதறவில்லை. நீங்கள் பிடித்து வெளியே தள்ளினீர்கள். 'ஒரே ஒரு வார்த்தைக்காக' என்றும் சொன்னீர்கள். அந்த வார்த்தைக்கு அடியில் ஒரு மனிதன் நசுங்கிக் கிடந்தான் என்பதைச் சொல்லச் சௌகரியமாக மறந்துவிட்டீர்கள்.

வைகுண்டத்தின் மனைவி செண்பகத்தைப் பற்றியும் அந்தக் கூட்டத்தில் ஒருவர் இரக்கப்பட்டார், பிடிவாதக்காரரைக் கட்டிக்கொண்டு பாவம் அந்த அம்மாள் என்று. நான் பக்கத்து வீட்டில் இருந்தவன். வேலை போன செய்தியைச் சொன்னபோது அந்த அம்மாள் அடுப்படியிலிருந்து வெளியே வந்து கேட்ட ஒரே கேள்வி, "அந்த மீன்காரப் பொம்பளைக்கு இது தெரியுமா?" என்பதுதான். தெரியாது என்றார். "அப்ப போய்ச் சொல்லிட்டு வந்து சாப்பிடுங்க" என்றாள். அவருக்கு அப்படித்தான் வாய்த்திருந்தது. அந்த இரக்கம் அந்த அம்மாளுக்கு வேண்டாம்.

சவேரியம்மாள் சார்பில் வைகுண்டம் சர்க்கார் மேலிடத்துக்கு மனு எழுதிப் போட்டார். சில மாதம் கழித்து விசாரணைக்கு ஓர் அதிகாரி வந்தார். நானும் லீவு போட்டுவிட்டுப் போய் உட்கார்ந்திருந்தேன். கம்பெனியின் வக்கீல் பெரிய படிப்பாளி, தமிழும் தெரிந்தவர். வைகுண்டத்தைச் சாட்சிக் கூண்டில் நிறுத்திக் கேட்டார்.

"மரை கழன்றது என்றால் பைத்தியம் பிடித்தது என்று பொருள் உண்டா, இல்லையா?"

"உண்டு."

"'அவன்' என்ற சொல் உயர்திணையா, அஃறிணையா?"

"உயர்திணை."

"அப்படியானால் 'அவனுக்கு மரை கழன்றது' என்பது ஓர் இயந்திரத்தைக் குறிக்கும் என்பது எந்த ஊர் இலக்கணம்?"

அறை முழுவதும் சிரித்தது. வைகுண்டத்தின் நெற்றி சிவந்துவிட்டது. ஆனால் குரல் உயரவில்லை. "பிரியத்தினால் பசுவை அம்மா என்றும் காளையை ஐயா என்றும் கூப்பிடுவதைத் திணை வழுவமைதி என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித்தருவார்கள். வக்கீல் ஐயா அன்றைக்கு வகுப்புக்கு வரவில்லைபோலிருக்கிறது. பாலத்துக்குப் போய்க் கருப்பன் யார் என்று கேளுங்கள். கிரேனைக் காட்டுவார்கள். மனிதரைக் காட்டினால் நான் சொன்னது பொய்" என்றார். இப்போது சிரிப்பு மறுபக்கம் திரும்பியது. அதிகாரியே சிரிப்பை மறைக்கக் குனிந்துகொண்டார்.

சிரிப்பால் ஒன்றும் தீரவில்லை. அந்தோணியைக் கூப்பிட்டார்கள். அவன் வரும் வழியில் சூப்ரவைசர் நின்றுகொண்டிருந்தார். முன்பு சொன்னதற்கு மேல் ஒரு சொல் சொன்னாலும் வேலை இருக்காது என்று அவனிடம் ஏற்கெனவே சொல்லிவைத்திருந்தார்கள். அதிகாரி கேட்டார். அந்தோணி சூப்ரவைசரைத் திரும்பிப் பார்த்தான். மறுபடியும் கேட்டார். அவன் சவேரியம்மாளைப் பார்த்தான். அவள் அழவில்லை, கெஞ்சவில்லை. சேலைத் தலைப்பை இழுத்துப் பிடித்தபடி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கருப்பனுக்குத்தான் ஐயா" என்றான் அந்தோணி. "பிரேக் கம்பிக்குக் கீழ உள்ள நட்டு. மரை தேஞ்சு போச்சு. இறுக்க இறுக்கச் சுத்திக்கிட்டே இருக்கும், பிடிக்காது. சந்தியாகு அண்ணன் கோணி நூலைச் சுத்தி வச்சு இறுக்குனாவ. வேற நட்டு கேட்டோம். கப்பல் காத்துக்கிட்டு நிக்கி, பேசாம சுத்துங்கலேன்னு இந்த ஐயாதான் சொன்னாவ." கையை நீட்டிச் சூப்ரவைசரைக் காட்டினான். அடுத்த வாரம் அவனுக்கும் வேலை போயிற்று. மாமனோடு கட்டுமரத்துக்குப் போய்விட்டான்.

தீர்ப்பைக் கேளுங்கள். சந்தியாகு நல்ல புத்தியோடுதான் இருந்தார் என்று அதிகாரி எழுதினார். சட்டப்படி விதவைக்குச் சேரவேண்டியதைக் கொடுக்கச் சொன்னார். அதுவரைக்கும் சரி. ஆனால் நட்டு எப்படிக் கழன்றது என்பதற்குச் சாட்சியம் போதாது, ஆகவே இதில் எவர்மேலும் குற்றமில்லை என்று முடித்துவிட்டார். சாட்சியம் எப்படி இருக்கும்? விசாரணைக்கு ஆள் வருமுன்பே கிரேனைப் பிரித்து, புது நட்டுப் போட்டு, புது வர்ணமும் அடித்துவைத்துவிட்டார்களே! உயிரோடு கேட்டபோது கிடைக்காத நட்டு, செத்த பிறகு எத்தனை சீக்கிரம் கிடைத்தது! சூப்ரவைசருக்குப் பதவி உயர்வு வந்தது. சவேரியம்மாளைக் கம்பெனி வீட்டிலிருந்து காலி பண்ணச் சொன்னார்கள். சந்தியாகுவின் தலையிலிருந்து இறங்கிய பட்டத்தை ஊர் தூக்கி வைகுண்டத்தின் தலையில் வைத்தது. 'மரை கழண்ட வைகுண்டம்' என்றால்தான் கடைத்தெருவில் அடையாளம் தெரியும் என்று ஆயிற்று.

வேறு இடங்களில் வேலைக்குப் போய்ப் பார்த்தார். ஒரு கப்பல் ஏஜென்டு அலுவலகத்தில், "இங்கே வைக்கிற காகிதத்தில் எல்லாம் கையெழுத்துப் போடுவீர்களா?" என்று கேட்டார்கள். "வாசித்துவிட்டுப் போடுவேன்" என்றார். சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். சொல்லி அனுப்பவில்லை. கடைசியில் செண்பகத்தம்மாளின் அண்ணன் ஆத்தூரில் நடத்திய வெற்றிலைக் கமிஷன் கடையில் கடிதப் போக்குவரத்துப் பார்க்கப் போய்விட்டார். அந்தப் பக்கத்துச் சனங்களுக்கு மனு எழுதிக்கொடுப்பதும் அவர்தான்.

சுதந்திரம் வந்த பிறகு ஒரு நாள், நான் ஆத்தூரில் அவரோடு பேசிக்கொண்டிருந்தபோது சவேரியம்மாள் தன் மகள் கலியாணத்துக்கு அழைக்க வந்தாள். தகப்பன் பைத்தியம் என்ற பேச்சால் தள்ளிப்போய்க்கொண்டிருந்த கலியாணம் அது. மாதா கோயில் சாமியார் தீர்ப்பை வாசித்துச் சொன்ன பிறகுதான் மாப்பிள்ளை வீட்டார் சம்மதித்தார்களாம். "எம் புருசன் பேருல எழுதுனத நீங்க அழிச்சிட்டிய. எனக்கு அது போதும் ஐயா" என்று கும்பிட்டாள்.

வைகுண்டத்துக்கு நெற்றி சிவந்தது. "போதும்னு சொல்லாதீங்க தாயி. பைத்தியம் இல்லன்னு சொல்லிட்டான், சரி. அப்ப கொன்னது யாரு? நட்டை மாத்தாதவன் இன்னைக்கும் அந்தப் பாலத்துல அதிகாரம் பண்ணிக்கிட்டுத்தானே இருக்கான்? நீங்களே போதும்னுட்டா அப்புறம் யாரு கேப்பா?"

"கேட்டா மட்டும் தந்துருவானுவளா?"

"தரமாட்டான். அதுக்காகக் கேக்காம விட்டா, அவன் செஞ்சது நியாயம்னு ஆயிரும்."

வருஷம் தவறாமல் அவர் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். வெள்ளைக்கார சர்க்காருக்கு மனுப் போட்டார், பதில் இல்லை. நம்முடைய சர்க்கார் வந்ததும் புது நம்பிக்கையோடு மறுபடியும் போட்டார். அதற்கும் பதில் இல்லை. கொடி மாறியது, நாற்காலியில் இருந்தவர்கள் துண்டை மாற்றிக்கொண்டார்கள். அந்த மௌனத்தை மட்டும் எவரும் மாற்றவில்லை. இருமல் முற்றிப் படுத்த பிறகும், சூப்ரவைசரை விசாரிக்க வேண்டும் என்றே செண்பகத்தம்மாளிடம் சொல்லிக்கொண்டிருந்தாராம்.

அவருடைய சாந்தத்தையும் எளிமையையும் புகழ்ந்து கூட்டத்தில் கவிதை வாசித்தார்கள். அவற்றை அவர்களே வைத்துக்கொள்ளட்டும். என்னிடம் மிஞ்சியிருப்பது அவருடைய கோபம். பாதி நியாயத்தைக் கையில் திணித்து, போய் வா என்று அனுப்பும்போது, போதாது என்று அங்கேயே நின்ற கோபம். அதை நான் தணியவிடப் போவதில்லை.

கூட்டம் நடந்த இரண்டொரு நாளில் சவேரியம்மாள் என் வீட்டுக்கு வந்தாள். "இந்த வருசம் மனு யாரு எழுதுவா?" என்று கேட்டாள். நான் எழுதினேன். இருவருமாகத் துறைமுக அலுவலகத்துக்குப் போனோம். ஜன்னலுக்குப் பின்னாலிருந்த குமாஸ்தா மனுவைத் தொடாமலே தலைப்பை வாசித்துவிட்டு, "இது பழைய விவகாரம்மா. எழுதுத ஆளும் போய்ச் சேந்தாச்சு. இன்னும் எதுக்கு?" என்றான்.

"எழுதுத ஆளுதான் போயிருக்கு. கேக்குத ஆளு இங்கன நிக்கேன்" என்றாள் சவேரியம்மாள். "வாங்குங்க."

அவன் வாங்கினான்.